பழைய பிக்கப் ஏன் இவ்வளவு டீசல் குடிக்கிறது?

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பத்திற்கு வாகனம் ஓர் ஆடம்பரப் பொருளல்ல. சொந்தக் காணியில் இருந்தபோது வீடும் கிணறும் தோட்டமும் ஒரே வேலிக்குள் இருந்தன. இப்போது குடியிருப்பது ஓரிடம், குத்தகைக்கு எடுத்த தோட்டம் வேறோரிடம், சந்தை இன்னோரிடம். விடியப்புறம் மரக்கறி மூட்டைகள் திருநெல்வேலிக்கோ சுன்னாகத்துக்கோ மருதனார்மடத்துக்கோ போய்ச் சேரவேண்டும். பிறகு பசளை, விதைவெங்காயம், தண்ணீர் இறைக்கும் இயந்திரம், ஆட்கள் எல்லாம் தோட்டத்துக்குப் போகவேண்டும். முன்பு நடந்தே முடித்த வேலைகளை இன்று டீசல் செய்கிறது. இடம்பெயர்வினால் ஏற்பட்ட நட்டங்களை எழுதும் படிவங்களில் இந்தச் செலவுக்கு ஒரு வரி இருந்ததை நாம் கண்டதில்லை.

இதனால் ஐந்து, ஆறு குடும்பங்கள் ஒன்று சேர்ந்து பழைய பிக்கப் ஒன்றை வாங்குவது வழக்கமாகிவிட்டது. வாங்கிச் சில மாதங்களில் எல்லோரும் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "டீசல் அடிச்சுக் கட்டுதில்லை." அதற்குக் கராஜில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "எஞ்சின் இறக்கவேணும்."

எஞ்சினை இறக்குவதற்கு முன் பார்க்கவேண்டியவை பல இருக்கின்றன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றைப் பார்க்க ஒரு சதமும் செலவில்லை. கையும் கண்ணும் ஒரு கொப்பியும் போதும். நாம் பார்த்த பல வாகனங்களில் டீசல் வீணானது எஞ்சினுக்குள் அல்ல, எஞ்சினுக்கும் வீதிக்கும் இடையிலேதான். எனவே செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு கூடியதை நோக்கிப் படிப்படியாகப் போவதே புத்தி.

எம்மவரிடம் பரவலாக உள்ள ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை, அதிலும் '2எல்' எனப்படும் டீசல் எஞ்சின் பூட்டியதை, உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நான்கு சிலிண்டர், 2446 கன சென்ரிமீற்றர், ரேர்போ இல்லை, கொம்பியூற்றர் இல்லை, டீசலை அளந்து அனுப்புவது ஓர் இயந்திரப் பம்ப் மாத்திரமே. அதே காலத்து இசுசு, நிசான், மிற்சுபிசி டீசல் பிக்கப்புகளுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு சிறு கணக்கு. நாளுக்கு 60 கிலோமீற்றர், மாதம் 25 நாள் ஓடினால் 1500 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு 150 லீற்றர் போதும். 6 கிலோமீற்றர் மட்டுமே ஓடினால் 250 லீற்றர் வேண்டும். வித்தியாசம் மாதம் 100 லீற்றர். 2021 டிசெம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல் 2022 யூன் இறுதியில் 460 ரூபாவைத் தொட்டது. அந்த விலைக்கு 100 லீற்றர் என்பது 46,000 ரூபா. இன்றைய விலையை நீங்களே வைத்துப் பெருக்கிப் பாருங்கள். அடுத்த போகத்தின் விதைவெங்காயத்துக்கு ஒதுக்கவேண்டிய காசு புகைக்குழாயால் போகிறது.

முதலில் அளந்து பாருங்கள்

"முந்தி நல்லா ஓடினது, இப்ப ஓடுதில்லை" என்பது அளவல்ல. "ரெண்டாயிரத்துக்கு அடிச்சன், ரெண்டு நாள்தான் ஓடினது" என்பதும் அளவல்ல. விலை மாறும்; பாரம் மாறும்; போகும் இடமும் மாறும். கிலோமீற்றரையும் லீற்றரையும் தவிர வேறு எதையும் நம்பவேண்டாம்.

செய்முறை இலகு. ஒரே எரிபொருள் நிரப்பு நிலையத்தில், ஒரே பம்பில், வாகனத்தை ஒரே பக்கமாக நிறுத்தித் தாங்கியை நிரப்புங்கள். டீசல் நுரைக்கும்; ஆகவே மெதுவாக அடிக்கச் சொல்லவேண்டும். துப்பாக்கி தானாக முதல்முறை நின்றதும் போதும். அதற்கு மேல் திணிக்கவேண்டாம். மீற்றரில் உள்ள கிலோமீற்றரைக் குறியுங்கள். குறைந்தது 30 லீற்றராவது முடியும்வரை ஓடி, மீண்டும் அதே இடத்தில் அதேபோல் நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் தடவை அடித்த லீற்றரால் பிரித்தால் விடை வரும். ஐந்து லீற்றர், பத்து லீற்றர் அடித்துக் கணக்குப் பார்த்தால் பிழை பெரிதாகும். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

அந்த மீற்றர் உண்மை சொல்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். ஏ9 வீதியில் கிலோமீற்றர்க் கற்கள் நடப்பட்டிருக்கின்றன. இருபது கல் ஓடிப் பாருங்கள். மீற்றர் 18 என்று காட்டினால், அந்த வாகனம் உண்மையில் லீற்றருக்கு 10 ஓடினாலும் உங்கள் கணக்கில் 9தான் வரும். பெரிய ரயர் மாட்டிய பிக்கப்புகளில் இது சாதாரணம். ரயர் பெரிதானால் சில்லு சுற்றும் தடவை குறையும். மீற்றரும் குறைத்துக் காட்டும். இல்லாத நோய்க்கு மருந்து தேடுவதை இந்த ஒரு சோதனை தடுக்கும்.

நல்ல நிலையில் உள்ள 2எல் ஹைலக்ஸ் பாரம் இல்லாமல் பிரதான வீதியில் லீற்றருக்கு 10 முதல் 12 கிலோமீற்றர் ஓடும். மூட்டைகளோடு, ஒழுங்கைகளிலும் மணலிலும் ஓடினால் 8 அல்லது 9 கிடைப்பதும் நியாயமே. அதற்குக் கீழே போனால்தான் காரணம் தேடவேண்டும்.

அளவைக் கொப்பி இன்னொரு நன்மையும் செய்யும். கூட்டாக வாங்கிய வாகனம் ஒன்றில் டீசல் கூடுதலாக முடிந்தபோது, சாரதியாக இருந்த இளைஞர் டீசலை இறக்கி விற்கிறார் என்ற கதை கிளம்பியது. எவரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை; ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. திறப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து ஓட்டியவர் கையிலும் அதே லீற்றருக்கு ஆறரைதான். பிறகுதான் வாகனத்தைப் பார்த்தார்கள். இடப்பக்கப் பின்சில்லின் கைப்பிறேக் கேபிள் துருப்பிடித்து இறுகி, பிறேக் எந்நேரமும் பாதி பிடித்தபடியே இருந்தது. அதைச் சரிசெய்து, ரயர்களுக்குக் காற்றும் அடித்தபின் எட்டரை ஓடியது. அந்த இளைஞர் பிறகு ஓட்ட வரவில்லை. வாகனம் கூட்டுச் சொத்தாக இருந்தால் கொப்பி முதல் நாளே தொடங்கவேண்டும். திகதி, கிலோமீற்றர், லீற்றர், என்ன பாரம், யார் ஓட்டியது என்ற ஐந்து பத்திகள் போதும்.

சிந்துகிற டீசல்

இரவு வாகனத்தை நிறுத்தும்போது எஞ்சினின் கீழும் தாங்கியின் கீழும் காட்போட் மட்டைகளை விரித்து வையுங்கள். காலையில் பார்த்தால் தெரியும். ஆனால் சில கசிவுகள் எஞ்சின் ஓடும்போது மட்டுமே இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, நொசில்களுக்கு மேலே போகும் சிறிய றப்பர் குழாய்களைப் பாருங்கள். நொசிலில் மிஞ்சிய டீசலைத் தாங்கிக்குத் திருப்பி அனுப்பும் குழாய்கள் அவை. துணி சுற்றிய அந்த றப்பர் சில வருடங்களில் வெடித்துவிடும். மாற்றுவதற்கு அதிக செலவில்லை. எஞ்சினில் புழுதி ஈரமாகப் படிந்திருக்கும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரிய இடம்.

சிறு கசிவுதானே என்று விடவேண்டாம். இருபது துளி ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர். வினாடிக்கு ஒரு துளி வீதம் சிந்தினால் ஒரு நாளில் 86,400 துளி. அதாவது நான்கு லீற்றருக்கு மேல்.

ஓர் எச்சரிக்கை. பம்பிலிருந்து நொசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் டீசல் மிகுந்த அமுக்கத்தில் ஓடுகிறது. அதில் மயிர்போன்ற வெடிப்பு இருந்தால் வெளியே வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலால் தடவிக் கசிவு தேடவே கூடாது. மட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்கவேண்டும். அப்படித் தோலுக்குள் டீசல் புகுந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சில்லுகளைப் பாருங்கள்

எமது அனுபவத்தில் அதிக டீசல் களவுபோகும் இடம் இதுதான். எஞ்சினைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவர்கள் சில்லைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

முதற் சோதனைக்கு மூன்று ஆட்கள் போதும். சமமான சீமெந்துத் தரையிலோ தார் வீதியிலோ வெறும் வாகனத்தை நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, கைப்பிறேக்கை எடுத்துவிட்டுத் தள்ளுங்கள். சாரதி ஆசனத்தில் ஒருவர் பிறேக்கில் கால் வைக்கத் தயாராக இருக்கவேண்டும். இரண்டு பேர் தள்ளி இலகுவாக உருளாவிட்டால் ஏதோ ஒரு சில்லு பிடிக்கிறது.

இரண்டாவது, சூட்டுச் சோதனை. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் பிறேக்கை இயன்றவரை பாவிக்காமல் ஓடி, மெதுவாக நிறுத்துங்கள். நான்கு சில்லுகளின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். மூன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று சுடச்சுடவும் இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். கொதிக்கும் சில்லை நேரே தொடவேண்டாம்; ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும், சீறும்.

பிறகு அந்தச் சில்லை ஜக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். மற்றச் சில்லுகளுக்குக் கல் வைக்கவேண்டும். வாகனத்துக்குக் கீழே மரக்குற்றி கொடுக்காமல் ஜக்கை மாத்திரம் நம்பி எவரும் உள்ளே போகக்கூடாது. பின்சில்லு இறுகியிருந்தால் பெரும்பாலும் கைப்பிறேக் கேபிள் துருப்பிடித்திருக்கும், அல்லது ட்றம்முக்குள் இருக்கும் சிறிய சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது சூவை அளவுக்கு மேல் கூட்டி வைத்திருப்பார்கள். முன்சில்லானால் கலிப்பர் பிஸ்டனோ அதன் ஊசிகளோ அசையாமல் நிற்கும். கடற்கரைக் காற்று வீசும் எமது பிரதேசத்தில் இவை விரைவில் துருப்பிடிப்பதில் வியப்பில்லை. கழற்றி, துடைத்து, பிறேக்குக்குரிய கிறீஸ் பூசி, கெட்டுப்போன றப்பரை மாற்றினால் சரி. பிறேக் வேலையைத் தெரிந்தவரிடமே கொடுக்கவேண்டும். ஆனால் எந்தச் சில்லு என்று நீங்கள் காட்டிக் கொடுத்தால் கூலி குறையும், நேரமும் மிஞ்சும்.

ரயர்க் காற்றைக் காலையில், வாகனம் ஓடமுன் அளக்கவேண்டும். எவ்வளவு வேண்டும் என்பது சாரதியின் கதவோரத்தில் ஒட்டியுள்ள தகட்டில் இருக்கும். வெறும் வாகனத்துக்கு ஓரளவு, பாரத்துக்கு வேறோர் அளவு. பின்ரயர்களுக்குப் பாரத்தின்போது கூடுதல் காற்று வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான்கு ரயரிலும் 10 இறாத்தல் குறைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு வீதம் எரிபொருள் கூடும் என்பது பொதுவான கணக்கு. சிறு தொகைதான். ஆனால் ரயர் தோள்ப்பட்டையில் தேய்ந்து பாதி ஆயுளில் போய்விடுவதையும் சேர்த்துப் பாருங்கள்.

முன்சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்பதை உள்ளங்கையால் அறியலாம். ரயரின் பூவை வெளியிலிருந்து உள்ளுக்கும், உள்ளிருந்து வெளிக்கும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் வாள்ப்பல்போலவும் பிடித்தால், சில்லு வீதியில் உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டுப் போகிறது. குழி விழுந்த ஒழுங்கைகளில் ஓடும் வாகனத்துக்கு இது அடிக்கடி வரும். அலைன்மன்ற் செய்யும் இடத்தில் ஒரு தடவை பார்ப்பித்தால் அந்தச் செலவை ரயரே திருப்பித் தரும்.

இவற்றோடு கிளச்சையும் பாருங்கள். மூட்டையோடு நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது அக்சிலேற்றரை அழுத்தினால், எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது.

காற்றும் சூடும்

டீசல் எஞ்சினுக்குக் காற்று எவ்வளவு முக்கியம் என்பதைச் செம்மண் தோட்டக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. உங்கள் சட்டையைப் பார்த்தாலே தெரியும். இந்தப் பழைய பம்புக்கு எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று வருகிறது என்று தெரியாது. காற்று குறைந்தாலும் அது தன் பங்கு டீசலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எரியாத டீசல் கறுப்புப் புகையாகப் போகும். எயார் பில்ரரைக் கிழமைக்கு ஒருமுறை கழற்றி, காற்றை உள்ளிருந்து வெளியே அடித்துத் துப்பரவு செய்யுங்கள். வெளியிலிருந்து அடித்தால் புழுதி கடதாசிக்குள் இன்னும் இறுகும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் புதிது வாங்கவேண்டும். கிழிந்ததைப் பூட்டவே கூடாது. பில்ரரே இல்லாமல் ஓடுவது அதைவிடக் கேடு. புழுதி உள்ளே போனால் சிலிண்டரும் றிங்கும் அரம் போட்டதுபோல் தேய்ந்துவிடும்.

அடுத்தது தேர்மோஸ்ரற். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுத்து வைக்கும் சிறிய கதவு இது. எமது நாட்டு வெப்பத்துக்கு இது தேவையில்லை என்று சொல்லிக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல கராஜ்களில் உண்டு. இது பிழையான வழக்கம். குளிர்ந்த டீசல் எஞ்சின் டீசலை முழுதாக எரிப்பதில்லை. ஒயிலும் தடிப்பாக இருந்து இழுக்கும். தோட்டத்துக்கும் சந்தைக்கும் குறுந்தூரம் ஓடும் வாகனம், சூடாகுமுன்பே நிறுத்தப்பட்டு விடுகிறது. வெப்பமானியின் முள் அரைமணி நேரம் ஓடியபின்னும் அடியிலேயே கிடந்தால் தேர்மோஸ்ரற் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் சுற்றுவழியால் திரும்பி, எஞ்சின் கொதிப்பதும் உண்டு.

கழற்றுபவர்களின் பயத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. 2எல் எஞ்சினின் சிலிண்டர் ஹெட் சூடு தாங்காமல் வெடிப்பதில் பெயர்பெற்றது. ஆனால் அதற்கு மருந்து றேடியேற்றரைத் துப்பரவாக்குவது, அதன் மூடியையும் விசிறிப் பெல்ற்றையும் பார்ப்பது. தேர்மோஸ்ரற் வேலை செய்கிறதா என்று அறிய ஒரு சட்டித் தண்ணீர் போதும். நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்குமுன், ஏறத்தாழ 80 பாகையில், அது வாய் திறக்கவேண்டும், ஆறவிட்டால் மூடவேண்டும்.

புகை சொல்லும் சேதி

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் லீற்றருக்கு ஆறு, ஏழு என்று நின்றால் மாத்திரமே எஞ்சினிடம் போகவேண்டும். அதற்கும் முதலில் புகையைப் பாருங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் மோட்டார்சைக்கிளில் போய்ப் பார்ப்பது நல்லது.

காலையில் ஸ்ரார்ட் செய்தவுடன் கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடான பின்னும் கண் எரியும் பச்சை டீசல் மணத்தோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், டீசல் நேரம் பிந்தித் தெளிக்கப்படுகிறது, அல்லது நொசில் பிழை, அல்லது கம்பிரசன் குறைவு. 2எல் எஞ்சினில் பம்பைச் சுற்றுவது ரைமிங் பெல்ற். அதை மாற்றும்போது ஒரு பல்லு பிசகினாலும் இந்த வருத்தம் வரும். பெல்ற் மாற்றியபின் தொடங்கிய முறைப்பாடு என்றால் அங்கேதான் முதலில் பார்க்கவேண்டும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது.

பாரமோ ஏற்றமோ இல்லாமல் கறுப்புப் புகை வந்தால் காற்றுக் குறைவு, அல்லது நொசில் டீசலைப் பூவாகத் தெளிக்காமல் தாரையாக ஊற்றுகிறது, அல்லது பம்ப் அளவுக்கு மேல் அனுப்புகிறது. நொசில்களைக் கழற்றி, டீசல் பம்ப் திருத்தும் இடத்தில் சோதனை இயந்திரத்தில் பூட்டிப் பார்ப்பது பெரிய செலவல்ல. தெளிப்பதை நீங்களும் நின்று பாருங்கள். பழையதைத் துடைத்துத் திருத்தலாமா, புதிது வேண்டுமா என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். திரும்பப் பூட்டும்போது செப்பு வளையங்கள் புதிதாக இருக்கவேண்டும்.

பம்ப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பம்பின் பின்புறம் முழுப் பாரத்துக்குரிய டீசலின் அளவைத் தீர்மானிக்கும் ஆணி ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அதை அளந்து பூட்டி முத்திரை இட்டிருப்பார்கள். "இழுவை காணாது" என்று போகும் வாகனத்துக்கு அந்த ஆணியை அரைச்சுற்றுத் திருப்பிவிடுவது சிலரின் வைத்தியம். அன்று வாகனம் துள்ளிக்கொண்டு ஓடும், உரிமையாளருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் தொடக்கம் கறுப்புப் புகையும் டீசல் செலவும் அவருடையவை. இழுவை குறைந்ததற்கு உண்மையான காரணம் அடைத்த பில்ரராகவோ பிடிக்கும் பிறேக்காகவோ இருந்திருக்கும். முத்திரை உடைந்திருந்தால் பம்பைச் சோதனை மேசையில் ஏற்றி அளவு பார்ப்பித்தே ஆகவேண்டும். கண்மட்டத்தில் திருப்பிச் சரிசெய்ய முடியாது.

பெற்றோலில் ஓடும் பழைய வான் வைத்திருப்பவர்கள் முதலில் சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பாதி மூடியபடி இறுகிய சோக், கரிபிடித்த பிளக், தேய்ந்த பொயின்ற், நிரம்பி வழியும் கார்புரேற்றர் மிதவை ஆகிய நான்குமே அங்கு பெரும்பாலும் காரணம்.

மண்ணெண்ணெய் கலக்கலாமா?

1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்து வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எம்மில் மூத்தவர்கள் மறக்கவில்லை. சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓட்டிய கெட்டித்தனம் பெரிது. "அண்டைக்கு ஓடினது, இண்டைக்கு ஏன் ஓடாது?" என்று கேட்பவர்கள் உண்டு. 2022இல் டீசல் விலை ஏறியபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவே இருந்தது. அவ்வருடம் ஆகஸ்டில் அதுவும் 340 ரூபா ஆகும்வரை கலப்பவர்களுக்கு ஆசை இருந்தது.

அன்று ஓடியவை கார்புரேற்றர் பூட்டிய, கம்பிரசன் குறைந்த பெற்றோல் எஞ்சின்கள். டீசல் பம்பின் கதை வேறு. 2எல் எஞ்சினின் பம்புக்குள் தனி ஒயில் கிடையாது. அதன் ஊடாக ஓடும் டீசலே அதற்கு ஒயில். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. பம்பின் உட்பாகங்கள் தேயும்; தேய்ந்தபின் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு போகும். அத்துடன் மண்ணெண்ணெய் டீசலைவிட இலேசானது. ஒரு லீற்றரில் உள்ள சக்தியும் சற்றுக் குறைவு. ஆகவே மிச்சம் என்று நினைத்ததில் ஒரு பகுதி ஓட்டத்திலேயே குறைந்துவிடும்.

எரிபொருள் மிச்சம் பிடிக்கும் என்று விற்கப்படும் காந்தங்கள், போத்தல் மருந்துகள் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இத்தகைய நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளைப் பரிசீலித்து, குறிப்பிடத்தக்க மிச்சம் எதையும் காணவில்லை. அந்தக் காசுக்கு எயார் பில்ரர் வாங்குங்கள்.

ஓட்டும் முறை

வேகம் 60இலிருந்து 80 கிலோமீற்றருக்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. பிக்கப்பின் முகம் வீட்டுச் சுவர்போல இருப்பதால் இதை நன்றாக உணரலாம். சந்தைக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போனால் மரக்கறி விலை விழுந்துவிடாது. சற்று முந்திப் புறப்படலாம். பின்கதவைத் திறந்துவிட்டு ஓடினால் காற்று இலகுவாகப் போகும் என்று சிலர் செய்கிறார்கள். உண்மையில் மூடியிருக்கும்போது பெட்டிக்குள் காற்று சுழன்று நிற்க, மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போகும். மூடியே ஓடுங்கள், மூட்டையும் விழாது.

மூட்டை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எஞ்சினை நிறுத்துங்கள். இந்த அளவு எஞ்சின் சும்மா நின்றாலே மணிக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கும். பற்றரி பலவீனம், நிறுத்தினால் திரும்ப ஸ்ரார்ட் வராது என்பவர்கள் டீசலில் பற்றரியின் விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியில் நிரந்தரமாகக் கிடக்கும் பழைய இரும்பு, ஈர மணல் மூட்டை ஆகியவற்றை இறக்கிவிடுங்கள். தனித்தனியே மூன்று பேருக்கு மூன்று ஓட்டம் ஓடுவதைவிட முதல்நாள் மாலையே பேசி ஒரே ஓட்டமாக்குவது, எந்த மெக்கானிக்கும் தரமுடியாத மிச்சம்.

எஞ்சின் இறக்குவதா?

இவ்வளவும் பார்த்தபின், கம்பிரசன் அளக்கும் கருவி உள்ளவரிடம் போய் நான்கு சிலிண்டரையும் அளந்து எழுதித் தரும்படி கேளுங்கள். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் இரயில் புகைபோல ஊதித் தள்ளுகிறதா, ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒயில் எவ்வளவு குறைகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சிலிண்டர் மாத்திரம் குறைந்தால் வால்வாகவோ ஹெட் கஸ்கற்றாகவோ இருக்கலாம். அதற்கு முழு எஞ்சினும் இறக்கத் தேவையில்லை. நான்கும் குறைந்து, ஒயிலும் எரிந்தால் எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்துவிட்டது.

அப்போதும் உடனே தலையாட்டவேண்டாம். கொப்பியை எடுத்து, எஞ்சின் செய்வதால் மாதம் எத்தனை லீற்றர் மிஞ்சும் என்று கணக்கிடுங்கள். லீற்றருக்கு 7 ஓடுவது 9 ஆனால், 1500 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 48 லீற்றர் மிஞ்சும். அதன் விலையால் எஞ்சின் செலவைப் பிரித்தால், எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்பது வரும். இரண்டு வருடத்துக்குள் வந்தால் செய்யலாம் என்பது எமது அபிப்பிராயம். நான்கு, ஐந்து வருடம் என்று வந்தால், அதற்குள் சொந்தக் காணிக்குத் திரும்பி ஓட்டமே பாதியாகக் குறையக்கூடிய குடும்பங்கள், ஒயிலை ஊற்றி ஓடிக்கொண்டு அந்தக் காசைக் கிணறு இறைக்கவும் வேலி அடைக்கவும் வைத்திருப்பது நல்லது. காணி எப்போது கிடைக்கும் என்று தெரியாதவர்கள் இந்த முடிவைக் கூட்டத்தில் எல்லோரும் இருக்கும்போது, கொப்பியை நடுவில் வைத்து எடுக்கவேண்டும். கையொப்பம் இட்டபின் வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி வாருங்கள்.